ஆவணமும் எழுத்துக்கூட்டும்: பெல்லாரிக் கல்வியறிக்கையை (1823) முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மாநில அரசுகளின் ஆவணக் காப்பகங்களை வரலாற்றாய்வுக்குப் பயன்படுத்துவது பற்றிப் பேசுவோர் பொதுவாக இரண்டு செய்திகளை வற்புறுத்துவர். எந்த ஆவணம் எங்குள்ளது, அதனைப் பார்வையிடுவதற்கான வழிமுறை யாது என்பது ஒன்று. ஆவணத்தை உருவாக்கிய அரசின் சார்பினை ஆய்வாளர் மறத்தல் கூடாது என்பது மற்றொன்று. இரண்டும் தேவையானவையே. ஆயின் இவற்றிற்கு இடையில் மூன்றாவது ஒன்று உண்டு; அதுவே ஆவணத்தின் மொழி. கன்னடத்திலோ தெலுங்கிலோ தமிழிலோ சொல்லப்பட்ட ஒரு செய்தி ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, படியெடுக்கப்பட்டு, தொகுதியாகக் கட்டப்பட்ட பின்னரே நம் கைக்கு வருகிறது. இவ்வழியில் அதற்கு நேர்ந்த மாற்றங்களை ஆராயாமல் அதனை முதன்மைச் சான்று என்று கொள்வது எவ்வளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவிற்கு எடுத்துக்காட்டாகச் சென்னை மாகாணத்தில் 1822 முதல் 1826 வரை நடைபெற்ற நாட்டுக்கல்விக் கணக்கெடுப்பும், அதன் ஒரு பகுதியாகிய பெல்லாரி மாவட்ட அறிக்கையும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைத் தொகுதிகளில் அமைந்துள்ள இவ்வாவணங்களைத் தரம்பால் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’ என்னும் நூல் அறிஞர் உலகிற்குப் பரவலாக அறிமுகம் செய்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன் இந்தியாவில் கல்வி எந்நிலையில் இருந்தது என்னும் விவாதம் இன்றும் பெரிதும் அந்நூலை ஒட்டியே நிகழ்கிறது.

2. ஆவணம் உருவான முறை

ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25ஆம் நாள் எழுதிய குறிப்பே இக்கணக்கெடுப்பின் தொடக்கம். ஒவ்வொரு மாவட்டத்திலும் எழுதப் படிக்கக் கற்பிக்கும் பள்ளிகள் எத்தனை, அவற்றில் பயில்வோர் எத்தனை பேர், அவர்கள் எச்சாதியினர் என்பவற்றை ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்புமாறு கலெக்டர்கள் பணிக்கப்பட்டனர். பள்ளிகளில் படிக்கப்பெறும் நூல்களின் பெயர், பயிலும் காலம், கட்டணம் ஆகியவற்றையும் தெரிவிக்குமாறு அக்குறிப்பு கேட்டது. மாவட்டங்களிலிருந்து வந்த விடைகளைத் தொகுத்து 1826 மார்ச் 10ஆம் நாள் மன்றோ எழுதிய இரண்டாவது குறிப்பில், 1,28,50,941 மக்கள் வாழும் மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்ற முடிவு தரப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது இதன் பொருள்.

இத்தொகை மேற்கோளாக எடுத்தாளப்பெற்ற அளவிற்கு, இத்தொகைக்கு அடியில் இருந்த சொற்கள் கவனிக்கப்பெறவில்லை. ஊரில் ஒருவர் தம் மொழியில் சொன்ன விடை, கச்சேரி எழுத்தரின் கணக்காயிற்று. அது கலெக்டரின் ஆங்கில அட்டவணையாயிற்று. அவ்வட்டவணையும் உடன் சென்ற கடிதமும் வருவாய் வாரியத்தின் தொகுதியில் மீண்டும் கையால் படியெடுக்கப்பட்டன. நாம் காப்பகத்தில் காண்பது இந்த இறுதிப் படி. இதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு மொழிபெயர்ப்பு, அல்லது ஓர் ஒலிபெயர்ப்பு, அல்லது ஒரு படியெடுப்பு. மூன்றிலும் பிழை புகும். மூன்றிலும் புகும் பிழை ஒரு தன்மைத்தன்று.

3. அட்டவணையின் சொற்கள்

முதலில் மொழிபெயர்ப்பு. படிவத்தின் கட்டங்கள் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியினர் அனைவரும், முஸ்லிம்கள் என அமைந்திருந்தன. பெல்லாரியில் பயின்ற இந்துச் சிறுவர்களுள் பிராமணர் 1,185, வைசியர் 981, சூத்திரர் 2,998, பிற சாதியினர் 1,174 என்று அம்மாவட்ட அட்டவணை கூறுகிறது. பின்னிரண்டு கட்டங்களும் சேர்ந்து 4,172. இஃது இந்துச் சிறுவர் தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. தமிழ் வழங்கும் மாவட்டங்களில் இவ்விரு கட்டங்களின் பங்கு சேலம், திருநெல்வேலியில் 70 விழுக்காட்டளவிலும் தென்னாற்காட்டில் 84 விழுக்காட்டிற்கு மேலும் இருந்ததைத் தரம்பால் எடுத்துக்காட்டினார். பழைய கல்வி உயர்சாதியினர்க்கே உரியதாக இருந்தது என்னும் கருத்தை மறுப்பதற்கு இவ்வெண்கள் அவருக்குப் பயன்பட்டன.

மறுப்பு வலுவானதே. ஆயினும் ‘பிற சாதியினர்’ என்னும் கட்டத்தில் யார் இருந்தனர் என்பதை அட்டவணை சொல்லவில்லை. தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்டோர் பள்ளிகளில் பயின்றனர் என்று வாதிடுவோரும் பயிலவில்லை என்று வாதிடுவோரும் இந்த ஒரே கட்டத்தை நோக்கியே வாதிடுகின்றனர். கன்னட நாட்டில் லிங்காயத்தாரை எக்கட்டத்தில் சேர்ப்பது? விசுவகர்மரை எதில் அடக்குவது? வருணப் பெயர்களைக் கொண்டு சென்னையில் வரையப்பட்ட ஒரு படிவத்திற்குள், அவ்வாறு பகுக்கப்படாத ஒரு சமுதாயத்தைக் கச்சேரி எழுத்தர் எப்படியேனும் அடக்க வேண்டியிருந்தது. ஆகவே இக்கட்டத்தின் தலைப்பு ஒரு சாதித் தொகுதியின் பெயரன்று. மிச்சத்திற்கு இடப்பட்ட பெயர். மிச்சத்தைக் கொண்டு சமுதாய வரலாறு எழுதுவது இடர்ப்பாடுடையது.

‘கல்லூரி’ என்ற சொல்லும் இத்தகையதே. ராஜமகேந்திரவரம் மாவட்டத்தில் 279 கல்லூரிகளும் அவற்றில் 1,454 மாணவரும் இருந்ததாக அறிக்கை கூறுகிறது. ஒரு கல்லூரிக்கு ஐந்து மாணவர் என்பது இதன் சராசரி. மலபாரிலோ சாமூதிரி மன்னர் ஆதரவில் நடந்த ஒரே நிறுவனம் 75 மாணவருடன் கல்லூரியாகக் கணக்கிடப்பட்டது. வேறு சில மாவட்டங்களில் கல்லூரி எதுவுமில்லை. வேதமும் சாத்திரமும் அக்கிரகாரங்களிலும் வீடுகளிலும் கற்பிக்கப்படுகின்றன என்று கலெக்டர்கள் எழுதினர். ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் ஐவர்க்குச் சாத்திரம் சொல்லித் தருவதை ஒரு கலெக்டர் கல்லூரி என்றார். அதனையே மற்றொருவர் கல்லூரி இல்லாமை என்றார். இங்கு மாவட்டங்களுக்கிடையே காணப்படும் வேறுபாடு கல்வியின் வேறுபாடா, சொல்லின் வேறுபாடா என்பதை எண்களைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் இயலாது.

4. நூற்பெயர்களும் எழுத்துக்கூட்டும்

மொழிபெயர்ப்பில் இழந்ததை மீட்பதற்கு அதே ஆவணத்திலேயே ஒரு வழி உண்டு. மொழிபெயர்க்கப்படாமல் ஒலிபெயர்க்கப்பட்ட சொற்களே அவ்வழி. பெல்லாரிக் கலெக்டர் ஏ. டி. காம்பெல் 1823 ஆகஸ்டு 17ஆம் நாள் அனுப்பிய அறிக்கை இவ்வகையில் சிறப்புடையது. தெலுங்கு இலக்கணம் ஒன்றை 1816ஆம் ஆண்டு வெளியிட்டவர் இவர். தென்னிந்திய மொழிகளின் உறவினைக் காட்டும் எல்லிஸின் புகழ்பெற்ற குறிப்பு அவ்விலக்கணத்தின் முகப்பிலேயே இடம்பெற்றது. படிவம் கேளாத ஒன்றை, அதாவது கற்பிக்கும் மொழியை, இவர் தம் அறிக்கையில் தந்தார். மாவட்டத்தின் 533 கல்வியிடங்களுள் கன்னடம் 235, தெலுங்கு 226, மராத்தி 23, பாரசீகம் 21, தமிழ் 4, ஆங்கிலம் 1; இவற்றொடு வடமொழி வழிச் சாத்திரம் பயிற்றும் இடங்கள் 23. மன்றோவின் தொகுப்பில் இம்மொழிப் பகுப்பு இடம்பெறாது மறைந்தது.

நூற்பெயர்களையும் காம்பெல் வகைப்படுத்தித் தந்துள்ளார். பொதுவாகப் படிக்கப்படுவன, கைவினைஞர் வகுப்புச் சிறுவர் படிப்பன, லிங்காயத்துச் சிறுவர் படிப்பன, இலகுவான கதைநூல்கள், நிகண்டும் இலக்கணமும் என்பன அவ்வகைகள். தரம்பால் இப்பட்டியலைத் தம் நூலில் முழுமையாக அச்சிட்டுள்ளார். இதற்காக ஆய்வாளர் அவருக்குக் கடமைப்பட்டவர். ஆனால் பெயர்களை ஆவணத்தில் கண்ட எழுத்துக்கூட்டிலேயே விட்டுவிட்டார். அவை எந்நூல்கள் என்று அடையாளம் காட்டவில்லை. அவரைப் பின்பற்றியோரும் எதிர்த்தோரும் எண்களின்மீது செலுத்திய உழைப்பில் ஒரு சிறு பகுதியைக்கூட இப்பெயர்களின்மீது செலுத்தியதாகத் தெரியவில்லை. ‘ராகவன்-குன்கவ்ய’, ‘கீருஜ குல்லண’, ‘உன்பவமூர்த்த’, ‘ஷுப்தீமுனீ-துர்பண’, ‘மஹந்தரங்கினீ’ என்று ஒலிக்கத்தக்க வடிவில் அவை இன்றும் புரியாத பெயர்களாகவே நிற்கின்றன.

இவற்றைப் படிப்பதற்குச் சில விதிகள் போதும். அக்கால ஆங்கிலேயர் குறில் அகரத்தை உகரத்திற்குரிய ரோமன் எழுத்தால் குறிப்பது வழக்கம். எனவே ‘குல்லண’ என்பதில் முதலெழுத்து ககரமே. இடையில் யகரம் விடுபட்டிருக்கிறது. இஃது ஒலிபெயர்ப்பின் பாற்பட்டது. ‘ராகவன்-குன்கவ்ய’ என்பதில் சொல்லெல்லை தவறான இடத்தில் பிரிக்கப்பட்டுள்ளது. கன்னடம் அறியாத ஒருவர் படியெடுத்தமையே இதற்குக் காரணமாகலாம். இஃது எழுத்தர் பிழை. இவ்விரண்டையும் நீக்கிப் படித்தால் முன்னது கிரிஜா கல்யாணம். பின்னது ராகவாங்க காவியம். ஹரிஹரரின் சம்பு காவியமும், அவர் மருகர் ராகவாங்கரின் பெயரால் வழங்கிய காவியமும் இவை எனக் கொள்வது பொருந்தும். ‘ஷுப்தீமுனீ-துர்பண’ என்பது சப்தமணிதர்ப்பணம் என்பதில் ஐயமில்லை. அது 13ஆம் நூற்றாண்டில் கேசிராஜர் இயற்றிய கன்னட இலக்கணம். ‘மஹந்தரங்கினீ’ என்பது கனகதாசரின் மோகனதரங்கிணி ஆதல் கூடும். இவற்றொடு விரூபாட்ச பண்டிதரின் சென்னபசவ புராணம் பெரிதும் சிதையாத வடிவிலேயே பட்டியலில் உள்ளது.

5. பெயர்களை மீட்பதால் பெறுவன

இம்மீட்பின் பயன் மூன்று. முதலாவது, அட்டவணை மறைத்த மக்களை நூற்பட்டியல் காட்டிவிடுகிறது. கைவினைஞர் சிறுவர்க்குரியதாக விசுவகர்ம புராணமும், லிங்காயத்துச் சிறுவர்க்குரியனவாக வீரசைவ நூல்களும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. ஆகவே ‘சூத்திரர்’, ‘பிற சாதியினர்’ என்னும் இரு கட்டங்களில் அடங்கிய 4,172 சிறுவர்களுள் இவ்விரு சமூகத்தாரும் இருந்தனர் என்பது தெளிவு. எத்தனை பேர் என்பது தெரியாவிடினும், ‘பிற சாதியினர்’ என்பதனை ஒடுக்கப்பட்டோர் என்று நேரே பொருள்கொள்வதற்கு இது தடையாகிறது. அதேபோல் கல்வி முழுவதும் பிராமணிய நூல்களைச் சார்ந்தது என்ற கூற்றுக்கும் தடையாகிறது. ஒரே சான்று இரு தரப்பினரையும் திருத்துகிறது.

இரண்டாவது, மாவட்டத்தின் இருமொழித் தன்மை. நிகண்டு, இலக்கண வரிசையில் கன்னடத்திற்குக் கேசிராஜரும், தெலுங்கிற்கு ஆந்திர நாம சங்கிரகமும் ஆந்திர தீபிகையும், வடமொழிக்கு அமரமும் உள்ளன. 235, 226 என்ற பள்ளித் தொகைகள் உணர்த்தும் சமநிலை நூற்பட்டியலிலும் தெரிகிறது. கன்னட நாடு, தெலுங்கு நாடு என்று பின்னாளில் பகுத்த கோட்டிற்கு இவ்வாவணத்தில் இடமில்லை.

மூன்றாவது, மொழியியலார்க்கு நேரே உரியது. பள்ளிகளில் படிக்கும் நூல்கள் செய்யுள் வடிவின. பேச்சு வழக்கிற்கு மிக வேறான மொழிநடையில் அமைந்தவை. ஆசிரியரும் மாணவரும் பொருளறியாமல் ஒப்பிக்கின்றனர் என்று காம்பெல் குறைகூறுகிறார். இருநிலை வழக்கு என்று ஃபெர்குசன் 1959ஆம் ஆண்டு விளக்கிய நிலைமையைப் பற்றிய பழைய சாட்சியங்களுள் ஒன்றாக இதனைக் கருதலாம். ஆனால் குறைகூறும் அதே அறிக்கை நிகண்டுகளையும் அகராதியையும் இலக்கணத்தையும் பட்டியலிடுகிறது. உயர்வழக்கிற்கும் பேச்சுவழக்கிற்கும் இடையே பாலமாக அமைவன நிகண்டுகளே என்பது தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் நினைவுடைய எவர்க்கும் தெரியும். சொற்பொருளை மனப்பாடத்தின் வழியே சேமித்து, பின்னர்ச் செய்யுளைப் பொருள்படப் பயில்வது அம்முறை. காம்பெல் ஒரு கட்டத்தைக் கண்டு முழுமையை மதிப்பிட்டார் என்று கொள்ள இடமுண்டு. வரலாற்றாசிரியர் அவர்தம் குறைகூறலை மேற்கோள் காட்டுவர். நூற்பட்டியலை அதன் அருகில் வைத்துப் பார்ப்பதில்லை.

6. அடையாளம் காண்பதன் எல்லை

இம்முறைக்கும் எல்லை உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. பட்டியலில் உள்ள பசவ புராணம் எம்மொழியினது என்பதைப் பெயரைக் கொண்டு மட்டும் கூறவியலாது. பால்குரிகி சோமநாதரின் தெலுங்கு நூலும் பீமகவியின் கன்னட நூலும் ஒரே பெயரின. இருமொழி வழங்கும் மாவட்டத்தில் இரண்டுமே படிக்கப்பட்டிருக்கலாம். ‘உன்பவமூர்த்த’ என்பதை அனுபவாமிருதம் என்று படித்தால், அப்பெயரில் மகாலிங்கரங்கரின் கன்னட நூல் உண்டு. ஆனால் அஃது அத்துவித நூல். லிங்காயத்துச் சிறுவர் பட்டியலில் அது வந்தது எங்ஙனம் என்பது தனியே ஆராயத்தக்கது. ஒலி பொருந்துகிறது என்பதனாலேயே முடிவு கட்டுதல் முறையன்று.

இன்னும் ஆழ்ந்த ஐயம் ஒன்றும் உண்டு. காம்பெல் சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மேற்பார்வைக் குழுவோடு தொடர்புடையவர். புலவர்களும் முன்ஷிகளும் சூழ இருந்தவர். மாமிடி வெங்கய்யா தொகுத்த ஆந்திர தீபிகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான அகராதி. சில ஆண்டுகளுக்குள் அது பெல்லாரிப் பள்ளிகளில் கையெழுத்துப் படியாகப் பரவியிருந்ததா? அன்றிக் கலெக்டரின் அருகிலிருந்த புலவர் ஒருவர் தாம் அறிந்த சிறந்த நூல்களின் பெயரைச் சொல்ல, அவை பள்ளிநூற் பட்டியலில் இடம்பெற்றனவா? பின்னதாயின் பட்டியலின் ஒரு பகுதி மாணவர் கல்வியைக் காட்டாமல் கச்சேரிப் புலமையைக் காட்டுவதாகும். இவ்வினாவை எழுப்புவதற்குக்கூட முதலில் அப்பெயர் ஆந்திர தீபிகை என்று படிக்கப்பட வேண்டும் என்பது கருதத்தக்கது.

7. காப்பக எல்லையும் மொழி எல்லையும்

இத்தகைய வாசிப்பு இதுவரை நிகழாமைக்குத் தனிமனிதர் எவரையும் குறைகூறுவது பொருந்தாது. காரணம் காப்பகங்களின் அமைப்பிலும் உள்ளது. 1953 அக்டோபர் முதல் நாள் பெல்லாரியின் பெரும்பகுதி மைசூர் மாநிலத்தில் சேர்ந்தது. ஆதோனி, ஆலூர், இராயதுர்க்கம் வட்டங்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. வருவாய் வாரியத் தொகுதிகளோ சென்னையிலேயே இருந்தன. மாநிலங்கள் மொழியின் அடிப்படையில் பிரிந்தன; ஆவணங்கள் பழைய மாகாணத்தின் அடிப்படையில் நின்றன. கன்னட நூற்பெயர்களை ஒரு நொடியில் அறியக்கூடிய புலவர் பெங்களூரிலும் தார்வாடிலும் இருக்க, அப்பெயர்கள் எழுதப்பட்ட தாள் எழும்பூரில் இருக்கிறது. அத்தாளைப் புரட்டுவோர் பெரும்பாலும் தமிழும் ஆங்கிலமும் அறிந்தோர். ராஜமகேந்திரவரத்தின் தெலுங்கு நூற்பட்டியலும் மலபார் அறிக்கையும் இந்நிலையினவே. சென்னைக் காப்பகம் ஒரு மாநிலத்திற்கு உரியதாயினும் பல மொழிகளின் வரலாற்றுச் சான்றுகளைத் தாங்கி நிற்பது.

பிற மாநிலக் காப்பகங்களோடு ஒப்பிட்டால் மற்றொரு காரணமும் புலப்படும். புணேயிலுள்ள பேஷ்வா தப்தரின் ஆவணங்கள் மோடி எழுத்தின. அதனைக் கல்லாதவர் அங்கு ஒரு தாளையும் பயன்படுத்த இயலாது. எனவேதான் சர்தேசாய் 1930களில் 45 தொகுதிகளாகத் தேர்ந்தெடுத்து வெளியிட்ட பதிப்புப் பணி, எழுத்தும் மொழியும் அறிந்தோரின் பணியாக அமைந்தது. பிகானீரிலுள்ள இராஜஸ்தான் மாநிலக் காப்பகத்தில் அர்சத்தா என்னும் வருவாய்க் கணக்குகளை ஆராய்ந்த எஸ். பி. குப்தாவும் தில்பாக் சிங்கும் அக்கணக்குகளின் கலைச்சொற்களை முதலில் விளங்கிக்கொண்டே வேளாண் வரலாற்றை எழுத நேர்ந்தது. அங்கு மொழியின் கடுமை ஆய்வாளரை மொழியின்பால் திருப்பியது. சென்னையில் ஆங்கிலத்தின் எளிமை அவரை மொழியினின்றும் விலக்கியது. எளிதாகப் படிக்க முடிகின்ற ஆவணத்தை முழுவதும் படித்துவிட்டதாக எண்ணிக்கொள்வது இயல்பு.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

(அ) ஆங்கில அட்டவணையின் தலைப்புச் சொல் ஒவ்வொன்றும் ஒரு மொழிபெயர்ப்பு. அதன் மூலச்சொல் இன்னதென்று அறியாதவரை அதன்கீழ் உள்ள எண்ணைச் சமுதாய உண்மையாகக் கொள்ளுதல் கூடாது.

(ஆ) ஆங்கில ஆவணத்தில் ஒலிபெயர்ப்பாக எஞ்சிய ஊர்ப்பெயர், ஆட்பெயர், நூற்பெயர், வரிப்பெயர் ஆகியவை மொழிபெயர்ப்புக்குத் தப்பியவை. ஆகவே மிகுந்த சான்று மதிப்புடையவை. இவற்றை அக்கால எழுத்துக்கூட்டு மரபறிந்து மீட்பது மொழியியலார் கடமை.

(இ) ஏட்டுச்சுவடிப் பதிப்பில் நாம் கைக்கொள்ளும் மூலபாடத் திறனாய்வு ஆவணங்களுக்கும் பொருந்தும். மாகாண அரசின் நடவடிக்கைகள் படியெடுக்கப்பட்டு இலண்டனுக்கும் அனுப்பப்பட்டன. சென்னைப் படியையும் இலண்டன் படியையும் பாடபேதம் நோக்கி ஒப்பிட்டால், ஒரு சிதைவு கலெக்டரின் கச்சேரியில் நேர்ந்ததா, வாரிய எழுத்தரிடம் நேர்ந்ததா, இன்றைய அச்சில் நேர்ந்ததா என்பது தெளியக்கூடும்.

(ஈ) காப்பக அட்டவணைகளில் துறை, ஆண்டு, பொருள் ஆகியவற்றுடன் ஆவணத்தில் வரும் பிறமொழிச் சொற்களுக்கும் ஓர் அகரவரிசை சேர்க்கப்படுதல் வேண்டும். அண்டை மாநிலங்களின் பல்கலைக்கழக மொழித்துறைகள் இதில் கூட்டாக ஈடுபடலாம்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெல்லாரியில் ஒரு நெசவாளர் மகனோ தச்சர் மகனோ என்ன படித்தான் என்பதை நமக்குச் சொல்லக்கூடியது அவனை எண்ணிய அட்டவணை அன்று. அவன் கையிலிருந்த நூலின் பெயர் அதனைச் சொல்லக்கூடும். அப்பெயர் ஆவணத்தில் இருக்கிறது. பிழைபட்ட எழுத்துக்கூட்டில் இருக்கிறது. அதனைத் திருத்திப் படிக்காமல் அவன் கற்றானா இல்லையா என்று வாதிடுவது, சாட்சியை அருகில் நிறுத்திக்கொண்டு அவன் மொழியைக் கேளாமலே தீர்ப்பு வழங்குவதாகும்.